மிதித்துப் பிடித்துப் பத்து எண்ணுவது

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் பாதையில், குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில், மலைப்பக்கத்து மண் ஒரு ஆள் நீளத்துக்குச் சரிந்து கிடக்கிறது. இப்போது அதில் புல் முளைத்துவிட்டது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. எனக்கு மட்டும் அந்த இடம் வந்தால் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் மிதிக்கும்.

எங்கள் வீடு கோத்தகிரியில், கடைவீதியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றத்தில் இருக்கிறது. நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினார். வலி எடுத்த பெண்கள், கரடி அடித்துக் கிழித்தவர்கள், மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர்கள் என்று எத்தனையோ பேரை அந்த ஜீப்பில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கியிருக்கிறார். மழையானாலும் மஞ்சு மூடினாலும் "வண்டி அவரு கையில இருந்தாப் போதும்" என்று லயத்து வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளிகள் சொல்வார்கள். அவர் வாய் திறந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதையும் சேர்த்து நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைத்த தொண்டை என்னுடையது. ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தொண்டைக்கு யாரும் சொல்லவில்லை.

அவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கார் வாங்கினோம். எங்கள் வாழ்க்கையில் முதல் புது வண்டி. மூன்று வருஷம் வாரண்டி என்று சொல்லி ஒரு தடித்த புத்தகம் கொடுத்தார்கள். அதை நான் பைபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சிரித்தார். "ரெண்டையும் நீ முழுசாப் படிச்சதில்ல புள்ள" என்றார்.

வண்டிக்குப் பதினான்கு மாதம் ஆகியிருந்தபோது அது நடந்தது. எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்குக் கோயமுத்தூரில் வேலை, மாப்பிள்ளைக்குச் சென்னையில். பிரசவம் கோயமுத்தூரிலேயே, அதன் பிறகு மூன்று மாதம் பிள்ளையோடு எங்கள் வீட்டில் என்று பேசி வைத்திருந்தோம். தொட்டில் கட்டக் கூரையில் கொக்கிகூட அடித்துவிட்டார். சனி, ஞாயிறு எங்களோடு இருக்க வந்தவளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்துச் சாப்பிட்டு, திரும்பக் கொண்டுபோய்விடக் கிளம்பினோம்.

அரவேணு தாண்டும்போதே அவள் பின்சீட்டில் தலையணை வைத்துத் தூங்கிவிட்டாள். இலேசாக மஞ்சு இருந்தது. இறக்கத்தில் எப்போதும் போல இரண்டாவது கியரில்தான் வந்தார். குஞ்சப்பனைக்கு மேலே அந்த வளைவு நெருங்கும்போது, "கண்ணு, பெல்ட் போட்டிருக்கியா?" என்று கேட்டார். சாதாரணமான குரல்தான். அவள் தூக்கத்தில் "ம்" என்றாள். நான் அவர் காலைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் கால் அடிவரை போய்த் தரையில் முட்டியது.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. பேசாம இரு."

எங்களுக்கு இடப்பக்கம் பள்ளம். வலப்பக்கம் மலை, அதை ஒட்டி ஒரு மண் வாய்க்கால். வண்டியை மலையில் சாத்த வேண்டுமென்றால் எதிரே ஏறி வருகிற பாதையைத் தாண்டிப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவர் முதல் கியருக்கு மாற்றினார். என்ஜின் கத்தியது. கை பிரேக்கை ஒவ்வொரு பல்லாக மேலே இழுத்தார். பஸ் எங்களைத் தாண்டும்வரை பொறுத்தார். பஸ்ஸின் பின்பக்கம் கண்ணாடியைத் தாண்டியதும் வலது பக்கம் ஒடித்தார். சக்கரம் வாய்க்காலில் இறங்கியது. கதவு மண்ணைச் சிராய்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனது. அதோடு நின்றது.

மகள் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் அவருடைய முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு உருட்டிட்டு வந்தீங்களா?"

அது ஏன் கேட்டாள் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மலையில் பழைய டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் ஆரம்பித்ததும் என்ஜினை நிறுத்திவிடுவார்கள். சாவியை மட்டும் மறுபடி ஒரு சுற்று திருப்பி வைப்பார்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக் கூடாதல்லவா. பிறகு மலையின் சரிவே வண்டியைக் கீழே கொண்டுபோகும். எஸ்டேட்டில் டீசல் அளந்துதான் கொடுப்பார்கள். மிச்சம் பிடிக்கிற டிரைவருக்கு நல்ல பெயர். அந்தப் பழைய ஜீப்புக்கு என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பிரேக் ஒரே மாதிரிதான் பிடிக்கும். மகள் சின்னப் பிள்ளையாக அந்த ஜீப்பில் முன்னால் உட்கார்ந்து போவாள். என்ஜின் நின்றதும் சில்லு வண்டுச் சத்தம் கேட்கும், அதற்காகவே "நிறுத்துங்கப்பா, நிறுத்துங்கப்பா" என்று கேட்பாள். இந்தக் காலத்துக் கார்களில் அப்படிச் செய்யவே கூடாது, பிரேக் இறுகிவிடும் என்று மாப்பிள்ளை ஒருமுறை எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"இல்ல கண்ணு. ஓடிட்டுத்தான் இருந்துது" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? கோத்தகிரியிலிருந்து ஒரு டாக்ஸி வரவழைத்தோம். அவள் ஏறும்போது அவர் கையை நீட்டினார். அவள் கதவைப் பிடித்து ஏறிக்கொண்டாள். கோயமுத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். "அம்மா, கொழந்தை பொறந்து ஊட்டுக்கு வர்றப்ப டாக்ஸியிலயே வந்துக்கறேன். அப்பாகிட்ட நீங்களே எப்படியாவது சொல்லிருங்க."

நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரம் அவர் கொக்கியைப் பார்க்காமல் அந்த அறையில் நடந்ததைக் கவனித்தேன்.

வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக் கோயமுத்தூருக்கு, வாங்கிய இடத்து ஒர்க்ஷாப்புக்கே கொண்டுபோனோம். கண்ணாடி போட்ட அறை, டை கட்டிய ஒருவர், கையில் ஒரு டேப்லெட். என் வீட்டுக்காரர் வண்டியைக் காட்டப் பின்னால் ஷெட்டுக்குப் போய்விட்டார். நான் உள்ளே உட்கார்ந்தேன். டை கட்டியவர் மரியாதையாகத்தான் பேசினார். காபி கொடுத்தார்.

"மேடம், மலையிலிருந்து வர்றீங்க. இறக்கத்துல நியூட்ரல்ல, இல்லன்னா என்ஜின் ஆஃப் பண்ணி வர்ற பழக்கம் உண்டா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாய் இருக்கிறதே! நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், "அன்று இல்லை" என்று இரண்டு வார்த்தை. அதற்குப் பதிலாக, "மலைக்காரங்க எல்லாரும்தானுங்க அப்படி வருவாங்க. எங்கூட்டுக்காரரு எஸ்டேட் ஜீப் ஓட்டறப்ப அரவேணுல நிறுத்துனார்னா கீழ வர்ற வரைக்கும் சாவியத் தொடமாட்டாரு, அப்பேர்ப்பட்ட டிரைவருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். என் வீட்டுக்காரரின் புகழ் பாடுவதாக நினைப்பு. டை கட்டியவர் தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் ஏதோ தட்டினார். காபி நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐந்து நாள் கழித்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. வாகனத்தில் குறை காணப்படவில்லை. இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி ஓட்டும் பழக்கம் இருப்பதாக வாடிக்கையாளரே தெரிவித்திருக்கிறார். ஓட்டுநரின் தவறான பயன்பாடு. வாரண்டி பொருந்தாது.

நான் அதை மூன்று முறை படித்தேன். ஓட்டுநரின் தவறான பயன்பாடு. முப்பது வருஷம் ஒரு உயிரைக்கூட வழியில் விடாமல் இறக்கிய மனுஷனுக்கு, என் வாயாலேயே வாங்கிக்கொடுத்த பட்டம். அவரிடம் போனைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"விடு புள்ள. காசக் கட்டிச் சரி பண்ணிக்கலாம்."

"காசா பிரச்சனை? உங்க பேருங்க!"

"பேர வச்சு என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அவரைக்காய்ப் பந்தலுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார். பந்தல் ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. சாதுவான மனுஷன், சண்டை பிடிக்கத் தெரியாமல் ஒதுங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அவர்மேல் பரிதாபமும் என்மேல் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அன்றிரவு நான் சாப்பிடவில்லை. என்மேல் வந்த ஆத்திரத்தை அந்த ஒர்க்ஷாப்பின் மேல் திருப்பிவிட்டது எனக்கு வசதியாக இருந்தது. இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பிறகு மூன்று வாரம், வாரம் இரண்டு நாள், காலை பஸ் பிடித்துக் கோயமுத்தூருக்கு இறங்கினேன். அவர் வரவில்லை. டை கட்டியவர் என்னைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் வரும்வரை வாரண்டி புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு நாள் அவருடைய மேனேஜர் வந்தார்.

"மேடம், நாங்க ரோட்ல ஓட்டிப் பாத்துட்டோம். பிரேக் பிடிக்குது."

"எந்த ரோட்ல?"

"மேட்டுப்பாளையம் ரோட்லதான்."

"அது மேசை மாதிரி இருக்கற ரோடுங்க. வண்டி கெட்டது மலையில. மேசையில உருட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னா எப்படிங்க?" என்றேன். "நான் ஒண்ணாம் வகுப்பு டீச்சருங்க. கணக்குத் தப்புன்னா எந்த எடத்துல தப்புன்னு செவப்புல வட்டம் போட்டுக் காட்டித்தான் மார்க்கக் கொறைப்பேன். எங்கூட்டுக்காரருக்குத் தப்புன்னு போட்டீங்கல்ல, வட்டம் எங்க? பிரேக்கக் கழட்டி என் கண்ணு முன்னால பிரிங்க. ஒண்ணுமில்லைன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டு மலையேறிப் போயிடறேன்."

காத்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஷெட்டிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று கேட்டார். அவரும் எங்கள் நீலகிரிதான், இத்தலார்க்காரர். படகர் பேச்சு தமிழிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி வேறு யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

"டீச்சருங்க, அன்னிக்கு பெடல் எப்படி இருந்துச்சு? கல்லு மாதிரி இறுகுச்சா, இல்ல அடியோட போச்சா?"

"அடியோட போச்சுங்க. தரையில முட்டுச்சு. நான் பாத்தேன்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். "சார், ஆஃப் பண்ணி வந்தா பெடல் இறுகும். கால வச்சா எறங்காது. இவங்க சொல்றது வேற. மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள கெட்டுப்போயிருந்தாத்தான் இப்படி ஆகும்."

பிறகு என்னைக் கார்ப் பக்கம் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். என்ஜினை ஓடவிட்டார். "மெதுவா மிதிச்சுப் பிடிச்சுக்கங்க. காலை எடுக்காதீங்க. பத்து எண்ணுங்க" என்றார். நான் எண்ணினேன். நாலு வரை பெடல் காலுக்குக் கீழே நின்றது. ஐந்தில் லேசாக நழுவியது. ஏழு, எட்டில் இறங்கிக்கொண்டே போனது. பத்தில் என் செருப்பு தரையைத் தொட்டது. குஞ்சப்பனை வளைவு அப்படியே கண்முன் வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன். அவ்வளவு நாள் அந்த ஒர்க்ஷாப்பில் கத்தியவள், அங்கேதான் முதல் முறை அழுதேன்.

மறுநாள் என் கண்முன்னாலேயே, பிரேக் எண்ணெயைத் தள்ளும் அந்த மாஸ்டர் சிலிண்டர் உருளையைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே ஒரு ரப்பர் வளையம். அதன் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு வெட்டு. எண்ணெய் வெளியே சிந்தாமல் உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவியிருக்கிறது. அதனால் அளவும் குறையவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. "இது பொருத்தறப்பவே வெட்டுனது. ஓட்டுனவரு தப்பில்ல. மொதல்ல சும்மா ஒரு விரல் கனம் எறங்கும். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா. சில பேரு கவனிச்சுக் கொண்டாருவாங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

எல்லாம் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். சிராய்ந்த கதவை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், சரி என்றேன். ஆனால் காகிதத்தில் 'உதிரிபாகம் மாற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தது. "இது பத்தாதுங்க" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் பெருமூச்சுவிட்டு, 'தயாரிப்புக் குறை. ஓட்டுநரின் பயன்பாட்டால் நேர்ந்ததல்ல' என்று எழுதி முத்திரை வைத்தார். அதைப் படமெடுத்து, பத்து எண்ணிய கதையையும் சேர்த்து மகளுக்கு அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டு, "அப்பாகிட்ட நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா" என்று தேம்பினாள். டாக்ஸிப் பேச்சு அதோடு முடிந்தது.

வண்டியை எடுக்க அவர் பஸ்ஸில் வந்தார். இத்தலார்க்காரர் அவருக்கும் அந்தப் பத்து எண்ணும் வித்தையைச் செய்து காட்டினார். இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். திரும்பி மலையேறும்போது நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன், மேனேஜர் முகம் போன போக்கு, நான் கேட்ட கேள்வி, எல்லாம். குஞ்சப்பனை தாண்டி அந்த இடம் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினார். சரிந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏ புள்ள. அன்னிக்கு ஓடிட்டுத்தான் இருந்துது. அது சத்தியம். ஆனா அதுக்கு முன்னாடி பத்து நாளா, நம்மூட்டுல இருந்து கடவீதிக்கு எறங்கறப்ப எல்லாம் ஆஃப் பண்ணித்தான் எறங்கிட்டு இருந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"காசுக்கில்ல. என்ஜின் நின்னா அந்த அமைதி இருக்குதே, அதுக்குத்தான். பெடலு கொஞ்சம் எறங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுது. ஆஃப் பண்ணுனா பிரேக்கு இறுகும்னு மாப்பிள்ளை சொன்னாருல்ல, இந்த மாத்தமும் அதனாலதான்னு நெனச்சுட்டேன். ஓடற வண்டியில அப்படி எறங்கியிருந்தா அன்னிக்கே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போயிருப்பேன். புள்ளையக் கூட்டிட்டு மலை எறங்கியே இருக்க மாட்டேன்."

இதுதான் நடந்தது. ரப்பரை வெட்டியது அவரல்ல. ஆனால் ரப்பர் பத்து நாளாகச் சொன்னதை அவருடைய பழக்கம் மூடிவிட்டது. "விடு புள்ள" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் பொங்கி வந்தது. மூன்று வாரம் பஸ்ஸில் இடிபட்டு, ஊரார் முன்னால் கத்தி வாங்கி வந்த காகிதம் என் பையில் இருந்தது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ அவ்வளவு தூரம் நம்புன. எப்படிச் சொல்றது?" என்றார். என் பையைப் பார்த்துக்கொண்டே, "புள்ளைகிட்டச் சொல்லோணும்" என்றார்.

"சொல்லப்படாது" என்றேன். "பேப்பர் வந்தாச்சு. முத்திரை இருக்குது. அவளும் அழுது தீத்துட்டா. இனி நீங்க வாயத் தொறந்தீங்கன்னா அவ கொழந்தையோட இந்த வண்டியில ஏறவே மாட்டா. பேசாம எடுங்க."

ஒன்றாம் வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை நான் பெஞ்சு மேல் நிற்கவைத்தவள். அன்றைக்கு உண்மை சொல்ல வந்தவரை அதட்டி உட்காரவைத்தேன். அவர் வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் அவர் உதடு மட்டும் அசைந்தது. பத்து எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும்.

பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை பத்து நாள் லீவு போட்டு இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனார். பதினோராம் நாள் காலையில் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர நாங்கள் இருவரும் காரில் இறங்கினோம். இறக்கம் முழுக்க இரண்டாவது கியர், முழுக்க என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வீட்டு வாசலில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். நான் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினேன். அவர் சாவியைப் போடவில்லை.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும்" என்றார்.

நான் அவர் முழங்கையைத் தொட்டேன். அவர் என் கையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார். கடைவீதி இறக்கத்தைச் சொன்னார். பத்து நாளைச் சொன்னார். பெடல் இறங்கியது தனக்குத் தெரியும் என்பதைச் சொன்னார். "அம்மா கொண்டுவந்த பேப்பர்ல இருக்கறது உண்மைதான். அதுல இல்லாததும் உண்மைதான். அன்னிக்கு உன்னையும் இதையும் ஏத்திட்டு எறங்குனது நானு. டாக்ஸி வேணும்னா சொல்லு கண்ணு, வரச் சொல்றேன். அப்பா பின்னாலயே வர்றேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது. காகிதத்தைக் காட்டலாமா, அந்த மெக்கானிக் சொன்னதைச் சொல்லலாமா என்று என் வாய் துடித்தது. வாழ்க்கையில் ஒரு முறையாவது பேசாமல் இருப்போம் என்று இருந்தேன். தெருவில் ஒரு கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். பிள்ளை சிணுங்கியது, அவள் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு அவள் பேசினாள்.

"அம்மாவுக்கு அந்த மெக்கானிக் சொல்லிக் குடுத்தாருல்ல, பத்து எண்ணறது" என்றாள். "அத இப்பப் பண்ணுங்கப்பா. சத்தமா எண்ணுங்க. எனக்குக் கேக்கோணும்."

அவர் என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துப் பிடித்தார். ஒண்ணு, ரெண்டு என்று எண்ண ஆரம்பித்தார். ஐந்தில் குனிந்து தன் காலைப் பார்த்தார். ஆறிலிருந்து அவளும் சேர்ந்து எண்ணினாள். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பத்து" என்றார்.

"நிக்குதாப்பா?"

"நிக்குது கண்ணு."

"சரி, எடுங்க. ஊட்டுக்குப் போலாம்" என்றாள் மகள்.